ஆங்கில மதுவிடுதிப் பலகைகளின் நிழற்படத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

முன்னுரை

இங்கிலாந்தில் ‘பப்’ எனப்படும் மதுவிடுதிகளின் வாயிலில் ஓவியம் தீட்டிய பலகை தொங்குவது நெடுநாள் மரபு. எழுத்தறிவு பரவாத காலத்தில் விடுதியை இனங்காட்டியது படமே. 1393இல் இரண்டாம் ரிச்சர்டு ஆட்சியில் மது விற்போர் அடையாளம் நாட்டுவது கட்டாயமாக்கப்பட்டது. புகாரிலும் மதுரையிலும் கள் விற்கும் இடங்களில் கொடிகள் பறந்ததைப் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் காட்டுகின்றன. இவ்விரு வழக்கங்களும் ஒப்புநோக்கத்தக்கன. ஆங்கிலப் பலகைகளை நிழற்படமெடுத்துத் தொகுப்போர் பலர். அத்தொகுப்புகள் எப்போது ஆய்வுச் சான்றாகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் படமும்

லார்வுட், ஹாட்டன் ஆகியோர் 1866இல் வெளியிட்ட நூல், பலகைகளின் வரலாற்றைப் பெரிதும் பெயர்வழியே தொகுத்தது. பெயர் நிலைத்திருப்பினும் படம் நிலைப்பதில்லை. வண்ணம் மங்கியபின் பலகை புதிதாகத் தீட்டப்படுகிறது. ‘ராயல் ஓக்’ என்னும் பெயர், 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த கருவாலி மரத்தைக் குறிக்கும். அப்பெயர் கொண்ட போர்க்கப்பல்களும் இருந்தமையால் சில பலகைகளில் கப்பல் இடம்பெறுகிறது. ஆகவே ஊரும் நாளும் குறிக்கப்படாத நிழற்படம் பலகையின் வரலாற்றுக்குச் சான்றாகாது.

இருமுகம்

தொங்கும் பலகைக்கு இரு முகங்கள் உண்டு. வேல்ஸ் நாட்டின் கர்நார்வன் நகரிலுள்ள ‘பிளாக் பாய்’ விடுதிப் பலகையின் ஒருபுறம் கருநிறச் சிறுவன். மறுபுறம் கருநிறக் கடல்மிதவை. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் குறிக்கும் சொற்கள் ஒலியால் ஒன்றுபடுகின்றன. ஒருபுறத்தை மட்டும் எடுத்த படம் இச்சிலேடையை மறைத்துவிடும்.

விலக்கப்படுவன

2020 ஜூனில் ஆஷ்போர்ன் நகரில், தெருவின் குறுக்கே நிற்கும் பழைய விடுதிப் பலகையமைப்பிலிருந்து கறுப்பினத்தவரின் தலையுருவம் அகற்றப்பட்டது. 2021இல் ‘கிரீன் கிங்’ நிறுவனம் இத்தகைய பெயர் கொண்ட நான்கு விடுதிகளின் பெயர்களை மாற்ற முடிவுசெய்தது. இழிவுபடுத்தும் உருவம் தெருவில் நீடிக்க வேண்டியதில்லை. ஆனால், அது இருந்தது என்பதற்கான சான்று அழிதல் கூடாது. அழகிய பலகைகளை மட்டும் சேர்க்கும் தொகுப்பு, கடந்தகாலத்தைக் குற்றமற்றதாகக் காட்டிவிடுகிறது.

முடிவுரை

இடிக்கப்படவிருந்த ‘ஆக்ஸ்போர்டு ஆர்ம்ஸ்’ விடுதியைப் பதிவுசெய்ய, 1875இல் லண்டனில் பழங்கட்டட நிழற்படச் சங்கம் ஒன்று தோன்றியது. அது படங்களோடு விளக்கக் குறிப்புகளையும் வழங்கியது. பலகைத் தொகுப்பாளருக்கும் அந்நெறியே பொருந்தும். பலகையின் இருபுறமும், அது தொங்கும் கட்டடமும், இடமும், நாளும் பதிவாக வேண்டும். அதே பலகை ஆண்டுகள் கடந்து மீண்டும் படமாக்கப்பட வேண்டும். அப்போதுதான் விருப்பத்தால் சேர்த்தவை வரலாற்று ஆவணமாகும்.