சிந்து பாடாத குற்றங்கள்

தமிழில் உண்மைக் குற்றத்தை எழுதும் மரபு வாரப் பத்திரிகைகளோடு பிறந்ததல்ல. அதற்கு முன்பே கொலைச்சிந்து இருந்தது. ஓர் ஊரில் கொலை விழுந்தால் சில நாட்களில் பாட்டு கட்டி, மட்டமான தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிக்கொண்டே காலணா, அரையணாவுக்கு விற்றார்கள். செத்தவர் யார், வெட்டியவர் யார், கோர்ட்டு என்ன சொன்னது என எல்லாம் அந்தச் சில பக்கங்களில் அடங்கிவிடும். பண்டிதர்கள் தொடாத இந்தக் குஜிலிப் பிரசுரங்களை வரலாற்று ஆவணமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004). நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்கள் அதற்கு முன்பே அடித்தளம் போட்டிருந்தன. இந்தத் துறையில் யார் எழுதினாலும் இந்த இருவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் பாட்டிலும் பின்னால் சினிமாவிலும் நின்றுவிட்ட சட்டவிரோதிகளின் ஊர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். 1923இல் கொல்லப்பட்ட ஜம்புலிங்கம் திருநெல்வேலிச் சீமைக்காரர். டோனாவூரில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1927இலேயே அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதிவிட்டார். 1983இல் திரைக்கு வந்த மலையூர் மம்பட்டியான் சேலத்து மலைப்பக்கம். 1994இல் வந்த சீவலப்பேரி பாண்டி மறுபடி நெல்லை. பெரும்பாலும் மேடும் காடும் வறண்ட நிலமும். காவிரியின் கடைமடையிலிருந்து அப்படி ஒரு பெயர் தமிழகம் முழுக்கத் தெரிய எழவில்லை.

டெல்டாவில் குற்றம் குறைவு என்று இதற்குப் பொருளில்லை. திறந்த நெல்வயலில் ஒருவன் எத்தனை நாள் மறைந்திருக்க முடியும்? காடு இல்லை, குன்று இல்லை. தப்ப நினைத்தவனுக்கு அங்கே இருந்தது எல்லைக்கோடுதான். அந்தக் கோடு காரைக்காலைச் சுற்றி ஓடியது.

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், நடுவே பல கைமாறல்களைக் கடந்து, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. வடக்கே தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர் வசம். தெற்கே நாகூரும் நாகப்பட்டினமும், மேற்கே தஞ்சைச் சீமையும் ஆங்கிலேயர் வசம். திருநள்ளாற்றில் இருப்பவர் வாய்க்காலைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு போலீஸ், வேறு தீர்வை. 1815இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்த ஒப்பந்தம் இந்தக் கோட்டின் இரண்டு தலைவலிகளையும் தொட்டது. பிரெஞ்சுப் பகுதி உப்பை ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய்க்கு ஈடாக ஆங்கிலேயர் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. குற்றம் செய்துவிட்டு எல்லை தாண்டியவர்களை ஒப்படைக்க வேண்டும் என்றது. தப்பியோடுவது எவ்வளவு வழக்கமாக இருந்தது என்பதற்கு அந்த ஷரத்தே சாட்சி.

எல்லைக்கதைகளில் நாம் விரும்பிச் சொல்வது அரசியல் கதைகளைத்தான். 1908இல் புதுச்சேரிக்குப் போன பாரதி, பத்தாண்டு கழித்து பிரெஞ்சு எல்லையை விட்டு வெளியே வந்தபோது கடலூரில் கைதானார். புதுச்சேரியோடு தொடர்புடைய கலெக்டர் ஆஷ் கொலையைப் பற்றி ஆ. சிவசுப்பிரமணியனின் நூல் இருக்கிறது. கடத்தலோ அவ்வளவாக எழுதப்படாத பக்கம். இந்தியாவுடன் இருந்த சுங்க உடன்பாடு 1949இல் முடிந்த பிறகு பிரெஞ்சுப் பகுதிகள் வழியாகத் தங்கமும் கடிகாரமும் மதுவும் உள்ளே பாய்ந்தன. இன்றும் காரைக்கால் சரக்கு தமிழகச் சோதனைச்சாவடிகளில் பிடிபடுவது நாளிதழ்களில் அன்றாடச் செய்தி. இதைப் பற்றி இன்னும் விரிவான தமிழ் நூல் வர வேண்டும்.

ஆங்கிலேய ஆட்சிப் பக்கத்துக் குற்றத்தைப் பற்றி ஆய்வு செழிப்பாகவே இருக்கிறது. சென்னை மாகாணக் கொள்ளைகளையும் போலீசையும் பற்றி டேவிட் ஆர்னால்டு எழுதினார். ‘குற்றப் பரம்பரை’ என்ற முத்திரையை ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் ஆனந்த் பாண்டியனும் கேள்விக்குள்ளாக்கினார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். ஒருவரைச் சட்டவிரோதியாக்குவது அவர் செய்த காரியமா, அரசு எழுதிய ஏடா என்ற கேள்விக்கு இந்த எழுத்துகள் நேராகப் பதில் சொல்கின்றன.

கனடாவிலும் இதே கேள்விதான். ஒரு மாட்டைக் கொன்றதற்காக 1895இல் கைதாகித் தப்பிய கிரீ இனத்து இளைஞர் ‘ஆல்மைட்டி வாய்ஸ்’ 1897இல் பீரங்கி கொண்டுவந்து கொல்லப்பட்டார். கிட்சான் இனத்தைச் சேர்ந்த சைமன் குனாநூட் 13 ஆண்டுகள் காட்டில் மறைந்திருந்து 1919இல் சரணடைந்து, விசாரணையில் விடுதலையானார். பூர்வகுடிகளின் நினைவையும் கோர்ட்டு ஏட்டையும் சேர்த்துப் படித்த பிறகுதான் இந்த இருவரின் கதையும் போலீஸ் கதை என்ற நிலையிலிருந்து மாறியது. அந்த இரட்டைப் படிப்பு காரைக்காலுக்கும் வேண்டும்.

பிரெஞ்சுப் பக்கத்தில் நமக்கு முதல் சான்று புதுச்சேரித் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அவருடைய மாமா நைனியப்பப் பிள்ளை மீதான வழக்கை டானா அக்மோன் 2017இல் தனி நூலாகவே ஆராய்ந்தார்: 1716இல் கைதாகி, சாட்டையடி பட்டு, சிறையில் இறந்து, அதன்பிறகு குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர் அவர். நாட்குறிப்பின் 1743ஆம் ஆண்டுப் பக்கங்களோ என்னை இன்னும் அதிகமாக உலுக்குகின்றன. வேலை தருவதாக ஆசைகாட்டி ஆட்களைப் பிடித்து, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கூட்டத்தைப் பற்றி அவை பேசுகின்றன.

நூறாண்டு கழித்து அதே தொழில் காரைக்காலில் வேறு உருவில் நடந்தது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்ததும் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். ஆங்கிலேயப் பகுதியிலிருந்து அப்படி ஆள் எடுப்பதை 1839ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள், தஞ்சைக் கிராமத்தாரை எல்லை தாண்டிக் கொண்டுவந்துவிட்டால் போதும். மாயவரத்தில் குற்றவாளியாக இருந்தவர் காரைக்காலில் முகவர். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுபோகிறார்கள் என்ற புகார்கள் தொடர்ந்தன. 1861 ஜூலை 1 உடன்படிக்கைதான் ஆளெடுப்பை முறைப்படுத்தி, பிரெஞ்சுத் துறைமுகங்களில் ஆங்கிலேய முகவரை உட்காரவைத்தது. ரீயூனியனுக்கு ஆளனுப்புவதை ஆங்கிலேய அரசு 1882இல் நிறுத்தியது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள்.

அத்தனை பேரும் கடத்தப்பட்டவர்கள் என்று சொல்லக்கூடாது. தாது வருஷப் பஞ்சத்தில் தாங்களாகவே கப்பலேறியவர்கள் உண்டு. பண்ணையடிமையிலிருந்து தப்பப் போனவர்களும் உண்டு. யார் விரும்பிப் போனார், யார் இழுத்துச் செல்லப்பட்டார் என்று பிரித்தறிவதே இந்தத் துறையின் கடினமான வேலை. ஜாக் வெபர் பிரெஞ்சில் எழுதிய ஐந்து தொகுதிகள் இதற்கு வழிகாட்டும். அவற்றில் தேவையான பகுதிகளாவது தமிழில் வர வேண்டும்.

டெல்டாவில் குற்றத்தை எழுதும் திறன் நமக்கு இல்லாமல் போகவில்லை. காரைக்காலுக்குத் தென்மேற்கே உள்ள கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ‘குருதிப்புனல்’ நாவல், ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம், சாட்சியங்களின் தொகுப்புகள் என்று அதற்கு ஓர் எழுத்துக்குவியலே உண்டு. தப்பிப் பிழைத்தவர்கள் ஊரிலேயே இருந்து பேசினார்கள், அதனால் எழுத முடிந்தது. மேஸ்திரியிடம் சிக்கியவர்களோ கடல் கடந்துவிட்டார்கள். சிந்து பாட வேண்டிய வாய்கள் கிரியோல் பேசத் தொடங்கிவிட்டன.

அவர்களின் பெயர்கள் அழிந்துவிடவில்லை. போய்ச் சேர்ந்த தீவுகளின் பதிவேடுகளில் பலர் ஆளுக்கோர் எண்ணோடு இருக்கிறார்கள். குவாதலூப்பிலும் ரீயூனியனிலும் பேரப்பிள்ளைகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஊரைத் தேடுகிறார்கள். தஞ்சைக் கலெக்டர்களின் கடிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். பிரெஞ்சு நிர்வாகத்தின் தாள்கள் பிரான்சிலுள்ள எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில். பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவர்கள் இன்னும் காரைக்காலில் இருக்கும்போதே, ஒரு கிராமத்தை, ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு இந்த மூன்றையும் எதிரெதிரே வைத்துப் படிக்கத் தொடங்கலாம்.