வாய்க்கு வராத கதைகள்

நம் கதைவட்டத்தை லோஸ் பான்யோஸில் தொடங்கி வளர்த்த பெரியவர்கள் இருக்கையில், பிலிப்பைன்ஸ் சிறுவர் நூல் மரபு பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கம். மலர்க்குழு விடவில்லை.

லோலா பாஸ்யாங் என்ற பாட்டி சொல்லும் கதைகளின் வழியும் அடார்னா பதிப்பகத்தின் வழியும் உறுப்பினர்கள் அறிந்தவை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1925இல் 'லிவாய்வாய்' இதழில் பாஸ்யாங் பாட்டியைப் பேசவைத்த செவெரினோ ரேயெஸ், 1902இலேயே 'வலாங் சுகாத்' நாடகத்தை மேடையேற்றிய மேடைக்காரர். 'பாதிபோத்' தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிய ரெனே வில்லனுவேவாவும் நாடகாசிரியரே. நடிகர் வாய்க்கு எழுதிப் பழகிய கை. அதனால்தான் இவர்கள் கதையை உரக்கப் படிக்கும்போது நாக்கு எங்கும் தடுக்குவதில்லை.

எங்கள் வழி இதுதான். லகூனாவின் ஆரம்பப் பள்ளிகளில் ஆயுள் முழுக்கப் பாடம் சொன்ன எங்கள் 'மாம்' புத்தகத்தை மடியில் மூடிவைத்துக்கொண்டே தொடங்குவார். படம் இரண்டாம் முறைக்குத்தான். அவர் சொல்லும் ஒரு கதையில், கூண்டில் அடைத்துக் கடலில் எறியப்பட்ட தந்திரக்காரன் பிலாண்டோக் பட்டாடையோடு திரும்பி வந்து, கடலடியில் ஓர் அரசு இருக்கிறது என்று அளப்பான். தன்னையும் கூண்டில் அடைத்து எறியும்படி சுல்தான் கேட்பார். அங்கே மாம் நிறுத்துவார். பாதிப் பிள்ளைகள் "போகாதீங்க" என்று கத்தும். மீதி "போங்க, போங்க" என்று கத்தும். சத்தம் அடங்கும் வரை அவர் வாய் திறக்கமாட்டார். மரனாவ் மக்களின் இந்தக் கதையை இதைவிட நன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓவியர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. 1991இல் சிறுவர் நூல் ஓவியர்களின் 'ஆங் இன்க்' குழு கூடிய பின் இங்கே படத்தின் தரம் உயர்ந்தது உண்மை. ஆமை-குரங்குக் கதையை 1886இல் பாரிஸில் ஒரு நண்பர் வீட்டு ஆல்பத்தில் வரைந்தவர் என்பதால் தேசிய நாயகர் ஹோசே ரிசாலைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளும் படக்காரர்கள், 1889இல் லண்டன் இதழில் அவரே அதைச் சொல்லாக எழுதியதை ஏனோ மறக்கிறார்கள். ஜூலை மூன்றாம் செவ்வாயைத் தேசியச் சிறுவர் நூல் நாளாக நாம் கொண்டாடுவது அந்த எழுத்துக்காகத்தான்.

இப்போது சிலர் (யாரென்று சொல்லப்போவதில்லை, நல்லவர்கள்தான்) அந்த ஆமை-குரங்குக் கதையையே திருத்துகிறார்கள். பழம் முழுவதையும் தானே தின்ற குரங்கைப் பழிவாங்க வாழை மரத்தடியில் ஆமை நட்ட நத்தை ஓடுகள் காணோம், குழந்தை பயந்துவிடுமாம். பிடிபட்ட ஆமையிடம் உரலில் இடிக்கவா, ஆற்றில் எறியவா என்று குரங்கு கேட்பதும், ஐயோ தண்ணீர் வேண்டாம் என்று ஆமை நடுங்கி நடிப்பதும் போயிற்று. பதிலுக்கு இருவரும் பழத்தைப் பங்கிட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். நடிப்பு போனால் அந்தக் கதையில் என்ன மிச்சம்? கடைசிப் பக்கத்தில் ஐந்து கேள்விகள்.      

அடுத்த ஜூலை வாசிப்புக்கு நூல் தேரும் குழுவில் என்னைச் சேர்ப்பதாகச் செயலாளர் சொல்கிறார். சேர்த்தால் நத்தை ஓடு இல்லாத பதிப்பு எதற்கும் நான் கையெழுத்திடமாட்டேன்.