யாருக்கு என்ன விலை?

"கார் வாங்கப் போறியா? கூட யாராவது ஆம்பளையக் கூட்டிட்டுப் போ." சம்பாதிக்கும் பெண்கள் பலர் கேட்டுப் பழகிய அறிவுரை இது. சொல்பவர் அப்பாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், அலுவலகத் தோழியாகவும் இருக்கலாம். இதற்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. பெண்ணுக்குப் பேரம் பேசத் தெரியாது என்பது ஒன்று. நல்ல விலை என்பது பேரம் பேசுபவரின் திறமைக்குக் கிடைக்கும் கூலி என்பது இன்னொன்று.

முதல் நம்பிக்கையோடு நாம் நிறையவே சண்டை போட்டிருக்கிறோம். இரண்டாவதை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். பெண்களுக்கான பண ஆலோசனை நூல்களும் பயிலரங்குகளும் "தயங்காதே, உறுதியாகப் பேசு, எழுந்து போகத் தயாராக இரு" என்று கற்றுக்கொடுக்கின்றன. நோக்கம் நல்லதுதான். ஆனால் குறை பெண்ணின் பேச்சில் இருக்கிறது என்பதை அவையும் ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றன. அது உண்மையா என்று அமெரிக்காவில் ஒருவர் சோதித்துப் பார்த்தார்.

இயன் ஏயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியரின் ஆய்வு 1991-இல் ஹார்வர்டு லா ரிவியூ இதழில் வெளிவந்தது. சிகாகோ வட்டாரத்தில் புதுக் கார் விற்கும் 90 கடைகளுக்கு அவர் வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள், கறுப்பினப் பெண்கள் என ஆட்களை அனுப்பினார். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே அளவு படிப்பு, ஒரே மாதிரி உடை. யாராவது கேட்டால் சொல்வதற்கு வசதியானவர்கள் வாழும் ஒரே பகுதியின் முகவரி. கடையில் கடன் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது, முதலில் எந்த விலை கேட்பது, பிறகு எப்படி ஏற்றிக் கேட்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துப் பயிற்சி தரப்பட்டது. திறமை என்ற காரணத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார் ஏயர்ஸ். மிஞ்சியது ஆளின் தோற்றம் மட்டும்.

கடைசியாகச் சொல்லப்பட்ட விலையில் கடைக்காரருக்கு எவ்வளவு லாபம் நிற்கிறது என்று கணக்குப் பார்த்தார்கள். வெள்ளை ஆணிடம் சராசரியாக 362 டாலர். வெள்ளைப் பெண்ணிடம் 504. கறுப்பின ஆணிடம் 783. கறுப்பினப் பெண்ணிடம் 1,237. ஒரே பேச்சுக்கு நான்கு விலை. இன்னொன்றும் நடந்தது. வந்தவரின் இனத்தையும் பாலையும் சேர்ந்த விற்பனையாளரிடமே அவர் பெரும்பாலும் அனுப்பப்பட்டார். அந்த விற்பனையாளர்தான் அவருக்கு மோசமான விலையைச் சொன்னார். விற்பனைத் தளத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டால் பெண்களுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதியான கதை. ஏயர்ஸ் நிறுத்தவில்லை. பீட்டர் சீகல்மனோடு சேர்ந்து, 38 பேரைக் கொண்டு, 300-க்கும் மேற்பட்ட இணைச் சோதனைகள் நடத்தி 1995-இல் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். அதில் வெள்ளை ஆணிடம் நின்ற லாபம் 564 டாலர், வெள்ளைப் பெண்ணிடம் 657, கறுப்பினப் பெண்ணிடம் 975, கறுப்பின ஆணிடம் 1,665. வரிசை மாறிவிட்டது. வெள்ளைப் பெண்ணுக்கும் வெள்ளை ஆணுக்கும் இடையிலான தூரம் 100 டாலருக்கும் கீழே வந்தது. அதிகம் கறக்கப்பட்டவர் கறுப்பின ஆண்.

பெண்ணிய மேடைகளில் முதல் ஆய்வு சொல்லப்படும் அளவுக்கு இரண்டாவது சொல்லப்பட்டால்தான் அது நேர்மை. "பெண்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிறவர்களை விற்பனையாளர் ஒரே ஆளாகப் பார்ப்பதில்லை. வெள்ளைப் பெண்ணின் 93 டாலர் நஷ்டத்தையும் கறுப்பினப் பெண்ணின் 411 டாலர் நஷ்டத்தையும் ஒரே கணக்கில் எழுதினால் பின்னவரின் கணக்கு காணாமல் போகும். கறுப்பின ஆணின் 1,101 டாலரை விட்டுவிட்டு எழுதினால், இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதே நமக்குப் புரியாமல் போகும்.

அதே ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் தகவல் வேறொன்று. பத்தில் நான்குக்கும் மேற்பட்ட இணைகளில், வெள்ளை ஆணுக்கு எடுத்த எடுப்பிலேயே சொல்லப்பட்ட விலை, மற்றவர் பேசிப் பேசிக் கடைசியில் பெற்ற விலையைவிடக் குறைவாக இருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே வென்றுவிட்டார். மற்றவர் எவ்வளவு பேசினாலும் அவர் தொடங்கிய இடத்துக்குக்கூட வந்து சேரவில்லை. "உறுதியாகப் பேசு" என்ற பயிற்சியால் இந்த இடைவெளியை எப்படி அடைக்க முடியும்?

இந்த ஆய்வுகளுக்கு மறுப்பும் உண்டு. பொருளியலாளர் பினலோப்பி கோல்ட்பர்க் 1996-இல், வாங்கியவர்கள் உண்மையில் என்ன விலை கொடுத்தார்கள் என்ற கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்தார். பெண்களும் கறுப்பினத்தவரும் சராசரியில் அதிகம் கொடுத்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். இதை ஒதுக்கக் கூடாது. ஆனால் அந்தத் தரவில் இருப்பவர்கள் வாங்கி முடித்தவர்கள். முதல் கடையில் சொன்ன விலை கட்டாமல் நான்கு கடை ஏறி இறங்கியவளின் நான்கு சனிக்கிழமைகள் அந்த விலையில் சேராது. வேண்டாம் என்று திரும்பிப் போனவள் அந்தக் கணக்கிலேயே இல்லை. கடைசி விலை ஒன்றாகவே இருந்தாலும், அங்கே போய்ச் சேர நடந்த தூரம் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை.

விற்பனையாளர் ஏன் இப்படிச் செய்கிறார்? பெண் வெறுப்பு, இன வெறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிதான் புரியும். அவருக்கு யார் மேலும் வெறுப்பு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. உள்ளே வரும் நூறு பேரில் அதிக விலை கொடுக்கக்கூடிய சிலரைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். யாருக்கு அடக்க விலை தெரியாது, யாருக்கு இன்னொரு கடை ஏறி இறங்க நேரமில்லை என்று முகத்தைப் பார்த்து ஊகிக்கிறார். ஊகம் தவறினால் நஷ்டம் அவருக்கு இல்லை; ஆள் எழுந்து போகும்போது விலையைக் குறைத்துக்கொள்ளலாம். ஊகம் பலித்தால் லாபம். பெண்ணைப் பற்றிச் சமூகம் சேர்த்துவைத்திருக்கும் அபிப்பிராயம் அத்தனையும் அவருக்குக் காசு போடாமல் கிடைத்த மூலதனம்.

சட்டமும் பெரிய துணையாக இல்லை. 1866-இன் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வந்த பிரிவு 1981, ஒப்பந்தம் செய்வதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. பால் பாகுபாட்டைத் தொடுவதில்லை. 1974-இன் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் பெண் என்பதற்காகக் கடனில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. அது கடனுக்கு, காரின் விலைக்கு அல்ல. பிரிவு 1981-ஐக் கையில் எடுக்கும் கறுப்பினப் பெண், கறுப்பினத்தவராக வழக்குப் போடலாம், பெண்ணாகப் போட முடியாது. அவருக்கு நடந்ததோ இரண்டும் சேர்ந்தது.

இனி நம் பக்கம் வருவோம். பெண்களுக்குப் பேரம் தெரியாது என்று சொல்லும் அதே வாய்தான், கீரைக்கார அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பவள் என்று நம்மைக் கேலியும் செய்கிறது. நகைக்கடையில் நம் அம்மாக்களைப் பாருங்கள். அன்றைய கிராம் விலை காலையிலேயே தெரிந்துவிடுகிறது. அதில் பேச ஒன்றுமில்லை. பேச்செல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். "போன மாசம் எதிர்க்கடையில ரெண்டு சதவீதம் குறைச்சு போட்டாங்களே" என்று தொடங்கினால், மேலாளர் வந்து கால்குலேட்டரைத் தட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட இந்தக் கணக்கில் தோற்பதில்லை. அடிப்படை விலை ஊருக்கே தெரியும். மிச்சத்தை அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த இரண்டும் இருந்தால் திறமை தானாக வருகிறது.

2017-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மேகன் புஸ்ஸியும் இன்னும் இருவரும் செய்தது. பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குத் தொலைபேசியில் ஆணும் பெண்ணும் விலை கேட்டார்கள். விலை பற்றி எதுவும் தெரியாதவர்போல் கேட்டபோது பெண்ணுக்கு அதிக விலை சொல்லப்பட்டது. "இவ்வளவு ஆகும் என்று கேள்விப்பட்டேன்" என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்தது. குரல் அதே பெண் குரல்தான். கூடுதலாக இருந்தது ஓர் எண்.

விலையில் பேரமே வேண்டாம் என்பதும் ஒரு தீர்வுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சாட்டர்ன் கார்கள் அப்படித்தான் விற்றன. எல்லோருக்கும் ஒட்டிய விலையே விலை. அந்தப் பெயர் 2010-இல் மூடப்பட்டது. ஒரே விலை என்பது பாகுபாட்டை அந்த இடத்தில் அடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பழைய காரை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வது, கடனுக்கு என்ன வட்டி என்ற மேசைகளில் பேச்சு தொடரும். முன்வாசலில் ஒட்டிய விலை பின்வாசலையும் காக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

நம்மூர் ஷோரூமில் நடப்பதும் ஏறக்குறைய அந்தப் பின்வாசல் பேரம்தான். ஷோரூம் விலை என்று நிறுவனம் அறிவிப்பது எல்லோருக்கும் தெரியும். ஆயுட்கால வரியும் பதிவுக் கட்டணமும் அரசுடையவை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். இவற்றில் பேச ஒன்றுமில்லை. இவற்றுக்கும் ஆன்-ரோடு விலைக்கும் நடுவில் இருப்பதில்தான் ஆளுக்கொரு விலை ஒளிந்திருக்கிறது. காப்பீட்டை அந்தக் கடையிலேயே எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை; மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்று ஆண்டுக்கு இருக்க வேண்டும் என்பதுதான் 2018 செப்டம்பர் முதல் விதி, எந்த நிறுவனத்திலும் எடுக்கலாம். ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது அரசு வரி அல்ல. நீட்டித்த வாரண்டி, பெயின்ட் கோட்டிங், சீட் கவர், மேட் எல்லாம் விருப்பம். ரொக்கத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், ஆண்டுக் கடைசியில் தேங்கிய வண்டிக்கான குறைப்பு ஆகியவை கேட்டவருக்குத் தெரியும். கேட்காதவருக்குச் சொல்லப்பட வேண்டும் என்றில்லை.

"சார் வரலையா மேடம்?" என்ற கேள்வியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது மரியாதைக் குறைவு மட்டுமில்லை. யாருக்கு எந்தத் தாளை எடுத்துக் காட்டுவது என்ற கணக்கின் தொடக்கம். நிறம் என்ன பிடிக்கும் என்று நம்மிடமும், மைலேஜும் தள்ளுபடியும் பக்கத்தில் நிற்கும் ஆணிடமும் பேசப்படும்போது, விலை எவ்வளவு என்ற தகவல் நம் தலைக்கு மேலாகவே போய்விடுகிறது. துணைக்கு ஆணை அழைத்துப் போனால் ஒருவேளை அன்றைக்குச் சில ஆயிரம் மிச்சமாகலாம். அந்த ஷோரூமுக்கு அடுத்ததாகத் தனியாக வரும் பெண்ணைப் பற்றிய ஊகமும் அதே நாளில் இன்னும் கொஞ்சம் உறுதிப்படும்.

எனவே கேட்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் போட்ட விலைப்பட்டியல், எழுத்தில், தேதியோடு, முன்பணம் கட்டுவதற்கு முன்பு. அதைத் தர மறுக்கும் கடையில் உட்காரத் தேவையில்லை. வாங்கியபின் அந்தத் தாளை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் அலுவலகத்திலும் விடுதியிலும் மகளிர் குழுவிலும் காட்டவேண்டும். சேதாரம் எத்தனை சதவீதம் போட்டார்கள் என்று நகைக்கடையிலிருந்து வந்ததும் பக்கத்து வீட்டில் சொல்வதைப்போல, கார் என்ன விலைக்கு வந்தது, எதில் எவ்வளவு குறைத்தார்கள் என்றும் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளத் தொடங்க வேண்டும்.