கொழுக்கட்டைப் புல்

காங்கேயம், தாராபுரம் பக்கம் பேருந்தில் போனால் சாலையோரம் வேலி வேலியாக வரும் கொறங்காடுகளைப் பலர் தரிசு என்றே நினைக்கிறார்கள். அது ஆடுமாடுகளுக்காகப் பேணி வளர்த்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல்.

இந்தப் புல்லின் குணம் எனக்குப் பிடிக்கும். கோடையில் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். வேர் மட்டும் ஆழத்தில் உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை போதும், தூரிலிருந்து பச்சை கிளம்பிவிடும். ஒருமுறை வேரூன்றினால் பல வருடம் மறு விதைப்பு வேண்டாம். விதைப்பதில்தான் பொறுமை வேண்டும். அறுத்த கையோடு தூவினால் சரியாக முளைக்காது. சில மாதம் உறங்க வேண்டும் அந்த விதை. பஞ்சு போன்ற கதிர்மணி காற்றில் பறக்குமென்று மணலோடு கலந்து தூவுவார்கள்.

புல்லோடு நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் தானாக வந்து சேர, மேய்ச்சலில் புரதம் கூடுகிறது. கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். எச்சத்தோடு விதையும் பரவும். வேலி கெட்டியாக இருப்பதால் மாட்டுக்குப் பின்னால் ஆள் நிற்கத் தேவையில்லை. படலைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு காடு மேய்ந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும். ஒட்ட மேயவிட்டால் தூர் செத்துவிடும்.

கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் புல் போடட்டும், விளைச்சல் அதில்தான் அதிகம். தண்ணீரே கேட்காத புல்லுக்கு என் ஓட்டு.