பண்டிதர் கேட்ட கருணை

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்திற்குச் செல்லும்போதெல்லாம் வீரமாமுனிவரின் புலமையை நினைந்து நாம் பெருமிதம் கொள்கிறோம். அதே அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்திலும், அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்து ஒகளூரிலும் பழைய புத்தர் சிலைகள் உள்ளன. அவற்றைத் தேடிச் செல்வோர் நம்மிடையே அரியர். இம்மண்ணில் பௌத்தம் ஒருகாலத்தில் வாழ்ந்தது என்பதற்கு அவை வாய் பேசாச் சாட்சிகள். அந்தச் சாட்சியத்தைப் பேசவைக்க முயன்ற ஒரு தமிழரின் நூலைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

க. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர். 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கித் தம் மறைவு வரை நடத்தியவர். அவ்விதழில் குவிந்த எழுத்துகள் பிற்காலத்தார் பலருக்கு எட்டாமலே கிடந்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' எனும் பெயரில் கொணர்ந்தார். வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். சேசு சபையாரின் கல்லூரி ஒரு பௌத்தரின் குரலை மீட்டது எனப் பெருமை கொள்ள நமக்கு உரிமை உண்டுதான். ஆனால் கிறிஸ்தவராகியும் சாதியை விடாதவர்களைப் பற்றிப் பண்டிதர் கசந்து எழுதிய பக்கங்களும் அதே நூலில்தான் இருக்கின்றன.

ஒடுக்கப்பட்டோர்பால் கருணை என்றதும் நம் நினைவுக்கு வருவது கொடுத்தல்: கல்வி, மருந்து, உணவு. இவற்றைக் குறைத்து மதிப்பிட நாம் முன்வரவில்லை. பண்டிதரோ வேறொன்றைக் கேட்கிறார். தம் பாட்டனார் கந்தப்பன் பற்றி அவரே எழுதியிருப்பது இது: ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியிடம் சமையல் பணி செய்த கந்தப்பன், தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவரிடம் அளிக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேற வழிகோலியது. எல்லிஸின் குறட்பணியைத் தமிழுலகம் அறியும். சுவடியைக் காத்துவைத்த சமையற்காரரை எத்தனை பேர் அறிவர்? அறிவைப் பெறுவோராக மட்டும் அல்ல, அறிவின் உடைமையாளராகவும் வழங்குவோராகவும் தம் மக்களைக் காணுமாறு பண்டிதர் கேட்கிறார். இந்த ஏற்பு இல்லாத கருணை, இரங்குபவரை மேலேயும் இரங்கப்படுபவரைக் கீழேயும் வைத்தபடியே நின்றுவிடுகிறது.

நூலின் முறையியல் குறித்து நமக்குத் தயக்கங்கள் உண்டு. 'பறையர்' என்பதற்குப் பொய்வேடத்தை வெளிப்படப் பறைந்தவர் என்று அவர் பொருள் காண்பதையும், தீபாவளியை எள்ளெண்ணெயின் பயன் கண்டறியப்பட்ட நாளென விளக்குவதையும் வரலாற்றாசிரியரும் மொழிநூலாரும் எளிதில் ஏற்கமாட்டார்கள். நாமும் அவற்றைச் சான்றுகளாகக் கொள்ளவில்லை. ஆயினும் இழிசொல்லாக எறியப்பட்ட பெயரை ஏந்தி, அதையே அறிவின் பெயராக மாற்றும் துணிவை வேறெங்கு கண்டோம்?

மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்டோர் உள்ளிட்ட சில மக்களைத் தம்மவரோடு ஒரே வரிசையில் சேர்ப்பதைப் பண்டிதர் மறுத்தார். தம் மக்களுக்கு அவர் மீட்டுத்தந்த மாண்பு அவர்கள் வாசலில் நின்றுபோயிற்று. கருணையைப் பேசிய நூலில் இது உறுத்துகிறது. அவரைப் போற்றுவோர் இதை மெல்லக் கடந்துவிடுதல் நேர்மையன்று.

இப்படிச் சுட்டுவதற்கு நமக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், நோயுற்ற பறையர்களின் இல்லங்களுக்குள் சென்று அருட்சாதனங்களை வழங்குமாறு மறைபரப்பாளர்களைப் பணித்தார். அதற்கு இங்கிருந்து சென்ற மறுமொழி, அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கலாம் என்பது. உரோமையும் அதற்கு இசைந்தது. அப்போது வீரமாமுனிவர் உயிரோடிருந்தார். இரக்கத்தை மறுக்கவில்லை, அதற்குத் தனிவாயில் அமைத்தார்கள். 2003இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசவேண்டியிருந்தது என்றால், அந்த வாயில் எத்தனை காலம் திறந்திருந்தது என்பது விளங்கும்.

பண்டிதரின் தோழரான பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு, 1948ஆம் ஆண்டுப் பதிப்பில் முன்னுரை வரைந்தவர் அம்பேத்கர். 'புத்தரும் அவரது தம்மமும்' நூலில் பிரக்ஞையையும் கருணையையும் தம்மத்தின் இரு மூலைக்கற்களாக அவர் கூறுகிறார். இராயப்பேட்டையில் பற்றவைத்த விளக்கு அங்குவரை வந்திருக்கிறது. பிற்காலத்தில் பண்டிதரை ஆராய்ந்து 2004இல் நூலெழுதிய ராஜ் கௌதமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்; 'கருக்கு' எழுதிய பாமாவின் தமையனார். 2024இல் அவர் மறைந்தபோது நம் இல்லங்களில் அதைப் பேசியவர் எத்தனை பேர்?

அண்மையில் நம் பகுதியிலுள்ள பங்கு நூலகம் ஒன்றைப் பார்வையிட்டோம். 'தேம்பாவணி' மூன்று படிகள் இருந்தன, அட்டை கட்டி எண்ணிட்டு. பாளையங்கோட்டைத் தொகுதிகளைக் கேட்டோம். பொறுப்பிலிருந்த இளைஞர் பதிவேட்டை இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஆசிரியர் பெயரை எழுதித் தருமாறு காகிதம் நீட்டினார். எழுதிக் கொடுத்து வந்திருக்கிறோம்.