திருப்புளியில் உளி எங்கே?

சின்ன வயதில் 'திருப்புளி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, புளிக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்திருக்கிறேன். பிரிக்கவேண்டிய இடம் வேறு: திருப்பு + உளி. இழைப்புளியும் அப்படித்தான், இழைப்பு + உளி. பிரித்த பிறகு வேறொரு சந்தேகம். உளி என்றால் செதுக்கணும். திருப்புளிக்கு வெட்டும் கூரே கிடையாது. அப்போ இது தப்பான சொல்தானே?

இதே வழக்கு ஜெர்மன் மொழியிலும் உண்டு. அங்கே மக்கள் சொல்வது 'ஷ்ராவ்பன்ட்ஸீயர்', அதாவது திருகாணி இழுப்பான். திருகாணியை யார் இழுக்கிறார்கள், திருப்பத்தானே செய்கிறோம் என்பது தரநிலைக்காரர்களின் நியாயம். அவர்கள் ஏற்றது 'ஷ்ராவ்பன்ட்ரேயர்', திருகாணி திருப்பி. தொழில்நுட்ப நூல்களில் திருப்பி வந்துவிட்டது. வீட்டுப் பேச்சில் இன்னும் இழுப்பான் போகவில்லை. திருகாணியை இறுக்குவதற்கு அம்மொழியில் உள்ள வினை 'அன்ட்ஸீயன்'. அதற்குள்ளேயே 'இழு' இருக்கிறது. பேசுகிறவர்களுக்கு அந்தச் சொல் இடறவே இல்லை.

கூட்டுச்சொல்லிடம் வரையறை கேட்பதுதான் பிழை. எங்கள் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலைச் சொல்கின்றன. குடவோலை என்றால் குடம் வரைந்த ஓலையா? பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் இட்டு எடுக்கும் முறை தெரிந்தவருக்குக் குழப்பமில்லை. நம் இலக்கணம் இதற்கு 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று பெயரே வைத்திருக்கிறது. நடுவில் மறைந்திருக்கும் வேலையைத் தெரிந்தவர்தான் நிரப்பவேண்டும்.

திருப்புளியில் மறைந்திருப்பது எது? ஊரில் கதவுக்குக் கீல் மாட்ட வந்த ஆசாரியிடம் கேட்டேன். அவர் இரண்டையும் என் கையில் கொடுத்தார். மரப்பிடி, இரும்புத் தண்டு, தட்டை முனை. "புடிச்சிப் பாரு தம்பி, கைக்கு ரெண்டும் ஒண்ணுதான். அது வெட்டும், இது திருப்பும்."

சொல்லின் பிறப்பு எனக்கு அங்கேதான் புரிந்தது. உளி பழகிய கை, புதிதாக வந்த கருவியைத் தன் உளிகளோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. மென்பொருளுக்குக் கலைச்சொல் செய்யும் நாங்கள் ஆங்கில வரையறையைத்தான் பார்க்கிறோம். யார் கை என்று கேட்பதில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த ஆசாரியும் "ஸ்க்ரூடிரைவர் எடு தம்பி" என்றுதான் கேட்டார். ஆனால் அவருக்குத் திருப்புளியை விளக்க வேண்டியிருக்கவில்லை. உளியே பிடிக்காத எனக்கு அதில் புளிதான் தெரிந்தது.