பாசாங்குக் குடும்பம்

ஐந்து வயது ஜென்னி தன் அப்பா மார்ட்டினோடும் அவருடைய துணைவர் எரிக்கோடும் வாழ்கிறாள். அம்மா காரென் பக்கத்தில்தான் இருக்கிறாள், அடிக்கடி வந்துபோகிறாள். எல்லோரும் சேர்ந்து துணி துவைக்கப் போகிறார்கள். எரிக்குக்குத் தெரியாமல் பிறந்தநாள் விருந்து தயாராகிறது. ஆண்கள் இருவரும் சிறு சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். சூசன்னே பொஷே எழுதி, 1981இல் டென்மார்க்கிலும் 1983இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த 'ஜென்னி எரிக்கோடும் மார்ட்டினோடும் வாழ்கிறாள்' என்ற குழந்தைகள் நூலில் இவ்வளவுதான் நடக்கிறது. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களால் ஆன எளிய நூல்.

லண்டனில் ஆசிரியர்களுக்கான மையம் ஒன்றில் இந்த நூல் இருந்ததற்காக 1986இல் பத்திரிகைகள் கொதித்தன. 1988இல் பிரிட்டனின் உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவு சேர்ந்தது. தன்பாலீர்ப்பைப் 'பாசாங்குக் குடும்ப உறவாக' ஏற்கலாம் என்று அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் கற்பிப்பதை உள்ளாட்சி அமைப்புகள் ஊக்குவிக்கக் கூடாது என்றது அது.

'பாசாங்கு' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு நூலை மறுபடி படியுங்கள். அழுக்குத் துணியில் என்ன பாசாங்கு இருக்க முடியும்? வீட்டு வேலையையும் குழந்தை வளர்ப்பையும் ஆண்கள் அலட்டிக்கொள்ளாமல் செய்வதை இந்தப் படங்கள் காட்டுகின்றன. பெண்ணின் இலவச உழைப்பில் நிற்கும் குடும்பத்தை 'இயல்பு' என்று காப்பவர்களுக்கு இதுவும் உறுத்தியிருக்கும்.

ஒரு இடத்தில் எனக்கு நெருடல் உண்டு. தெருவில் இவர்களை அருவருப்போடு ஏசுபவள் ஒரு பெண். குடும்ப ஒழுக்கத்தின் காவல்வேலையைப் பெண்ணிடம் ஒப்படைப்பது பழைய வழக்கம். அதை நூல் கேள்வி கேட்கவில்லை. அதே காலத்தில்தான் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் லெஸ்பியன் தாய்மார்கள் தம் குழந்தைகளை இழந்துகொண்டிருந்தார்கள்.

28ஆம் பிரிவின்கீழ் யாரும் தண்டிக்கப்படவில்லை. தனி ஆசிரியரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தவும் இல்லை. ஆனால் அச்சம் போதுமானதாக இருந்தது. ஸ்காட்லாந்தில் 2000, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரை, பல ஆசிரியர்கள் வாய்திறக்கத் தயங்கினார்கள். இரண்டு அம்மாக்களை வரைந்த குழந்தையின் படத்தைப் பார்த்து ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால், சட்டம் சொன்னதைத்தான் அவளும் சொல்கிறாள்.

ஆகவே ஆதரவு என்பது தனிக் கருணை அல்ல. சேர்க்கைப் படிவத்தில் இரண்டு பெற்றோரின் பெயரையும் அவர்கள் சொல்கிறபடி எழுதுவது. அன்னையர் தினத்துக்கு இரண்டு வாழ்த்து அட்டை கேட்டால் இரண்டு கொடுப்பது. சக மாணவரின் கேலியை 'விளையாட்டு' என்று விட்டுவிடாமல் அங்கேயே நிறுத்துவது. வீட்டைப் பற்றி விளக்கும் சுமையை அந்தக் குழந்தையின் தலையில் ஏற்றாமலிருப்பது. தெருவில் கேட்ட ஏச்சைப் பற்றி ஜென்னியோடு பேச எரிக் இருந்தார். வகுப்பறையில் எரிக் இல்லை, ஆசிரியைதான் இருக்கிறாள்.